நல்ல மனிதர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அப்பா இறந்த பத்தாம் நாள் அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அன்பானவர், பண்பாளர், கடும் உழைப்பாளி, குடும்பத்தின் தூண், தன் துறையில் பெயர் பெற்றவர். எழுதியதை அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் அப்பாவுக்கு மூன்று வயது மூத்தவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு முறை படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது தம்பி. இது யாரைப் பற்றி?" என்று கேட்டார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அந்த அரைப் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றினால் எந்த நல்ல மனிதரையும் அதற்குள் உட்காரவைக்கலாம். அதைக் கிழித்துப் போட்டேன். அடுத்த பதினான்கு மாதங்களில் நானும் அண்ணனும் தங்கையுமாக 64 பக்கத்தில் ஒரு சிறு நூல் செய்தோம். அதற்குப் பிறகு தெரிந்த சில குடும்பங்களுக்கும் இதே வேலையில் உதவியிருக்கிறேன். செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

தொழிலில் சாதித்து, குடும்பத்தையும் நன்றாக நடத்திய ஒருவருடைய வாழ்க்கையில் ஒரு பாதி தானாகவே பதிவாகிவிடுகிறது. பணி ஆணை, பதவி உயர்வு, பரிசு வாங்கும் புகைப்படம் எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருக்கும். இன்னொரு பாதியான கருணைக்கு யாரும் ரசீது தருவதில்லை. அது அடுத்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது, அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரு காரணத்தால் அமைந்தது. பெரும்பாலானவர்கள் சான்றிதழ்களில் தொடங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கி நான்கு மாதங்களை வீணாக்கினோம். அந்த நான்கு மாதங்களுக்குள் அப்பாவின் பள்ளித் தோழர் ஒருவர் காலமானார்.

படி 1: எந்த வடிவம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஐந்து நிமிட அஞ்சலி உரை, ஒரு பக்கக் குறிப்பு, படங்களோடு கூடிய சிறு நூல் ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். உரைக்கு இரண்டு சம்பவங்கள் போதும். ஒரு பக்கத்துக்கு மூன்று. நூலென்றால் குறைந்தது இருபது வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மூன்றும் பாதியில் நிற்கும். நினைவுக் கூட்டம் நெருங்கிவிட்டதென்றால் உரையை மட்டும் எழுதுங்கள். நூலுக்கு அவசரமில்லை. ஆனால் நூலுக்காக ஆட்களைச் சந்திப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். அப்பாவைப் பார்த்தேயிராத ஒரு பேரக்குழந்தையை நாங்கள் மனத்தில் வைத்துக்கொண்டோம். அப்படி வைத்ததும் பல சிக்கல்கள் தீர்ந்தன. அந்தக் குழந்தைக்கு எந்தப் பதவி எதைவிட உயர்ந்தது என்று தெரியாது; தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

படி 2: மனிதர்களைத் தேடிப் போங்கள்

ஒரு தாளில் பெயர்ப் பட்டியல் போடுங்கள்: உடன்பிறந்தவர்கள், பள்ளித் தோழர்கள், முதல் வேலையில் உடனிருந்தவர்கள், அவருக்குக் கீழே பணியாற்றியவர்கள், ஓட்டுநர், காவலாளி, அண்டை வீட்டார். எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். வயதையும் உடல்நிலையையும் பார்த்து வரிசைப்படுத்துங்கள். மிக மூத்தவரை இந்த வாரமே பாருங்கள். மேலதிகாரிகளுக்கு முன்னால் கீழே பணியாற்றியவர்களைச் சந்திப்பது நல்லது. ஒருவருடைய குணம் அவரிடமிருந்து எதையும் வற்புறுத்திப் பெற முடியாதவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தில்தான் தெரியும். என் அப்பா பாலம் கட்டும் பொறியாளர். அவருடைய தலைமைப் பொறியாளர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் பணி மூப்புப் பட்டியலில் இருந்தது. கட்டுமான இடத்தில் இரவுக் காவல் பார்த்த ஒருவர் சொன்னது எங்கும் இல்லை: மழை வலுத்த இரவுகளில் அப்பா டார்ச் விளக்கோடு வருவாராம், நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்வாராம், பிறகு காவலாளியைத் தூங்கச் சொல்லிவிட்டு விடியும்வரை தானே உட்கார்ந்திருப்பாராம்.

கேள்வி கேட்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனிதர்" என்ற பதில்தான் வரும். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அதோடு கடமை முடிந்துவிடும். செயலைக் கேளுங்கள். எனக்குப் பயன்பட்ட சில கேள்விகள் இவை:

"அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"
"கோபம் வந்தால் என்ன செய்வார்? கத்துவாரா, எழுந்து போய்விடுவாரா?"
"அவர் உங்களிடம் எப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறாரா?"
"எந்த வேலையை அவர் யாரிடமும் விடமாட்டார்?"
"அவர் தோற்றுப்போய் நீங்கள் பார்த்தது எப்போது?"

மன்னிப்பைப் பற்றிய கேள்விக்குக் கிடைத்த அளவு பதில்கள் வேறு எதற்கும் கிடைக்கவில்லை. ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

கேள்வியைக் கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் நீண்டால் நாமே எதையாவது சொல்லி நிரப்பத் தோன்றும். பத்து நொடி பொறுத்தால் அவரே தொடர்வார். நல்ல செய்தி பெரும்பாலும் அந்தப் பத்து நொடிக்குப் பின்னால்தான் வரும். முதியவர்களிடம் இளமைக் காலத்தை முதலில் கேளுங்கள். ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகளே முதுமையில் அடர்த்தியாக நிற்கின்றன என்பதை உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அந்த வாசல் வழியாக உள்ளே போனால் பின்னால் நடந்தவையும் மெல்ல வரும். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் எளிது.

கூடுமானவரை ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தியுங்கள். நான்கு பேரைக் கூட்டி உட்காரவைத்தால் பேச்சு கலகலப்பாக இருக்கும். ஆனால் உரக்கப் பேசுபவரின் கதையே மற்ற மூவரின் நினைவாகவும் மாறிவிடும். நினைவு என்பது பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும் பொருளாக இல்லாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பதை ஆங்கிலேய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932 இலேயே விளக்கியிருக்கிறார். ஒரே சம்பவத்தை இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யாரும் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யக் கைப்பேசியே போதும். முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாமல் இருக்க விமானப் பயன்முறையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது குறையுங்கள். கைப்பேசிக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வைத்தால் மேசையில் தட்டும் ஓசை பதிவாகாது. தொடக்கத்தில் தேதியையும் பேசுபவரின் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. துணையை இழந்தவரிடம் ஒரே மூச்சில் பேட்டி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. எங்கள் அம்மா ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார். துணி மடிக்கும்போதும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் ஒன்றிரண்டு வாக்கியங்கள் சொல்வார். தங்கை அடுத்த அறைக்குப் போய் உடனே எழுதிவைப்பாள். ஏழு மாதங்களில் சேர்ந்த அந்தத் துண்டுகளே நூலின் மிகச் சிறந்த பகுதியாயின.

படி 3: காலவரிசைத் தாள்

இப்போது அலமாரியைத் திறக்கலாம். பெரிய தாளில் நான்கு கட்டங்கள் வரையுங்கள்: ஆண்டு, அவருடைய வயது, வேலையில் நடந்தது, வீட்டில் நடந்தது. கடைசி இரண்டு கட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தனித்தனிப் பட்டியலாகப் போட்டால் தெரியாத பல செய்திகள் ஒரே வரியில் வரும்போது தெரியும். அப்பா ஒரு பதவி உயர்வை மறுத்தார் என்பது எங்களுக்குத் தெரியும். "அவருக்குப் பதவி ஆசை கிடையாது" என்றே சொல்லி வந்தோம். தாளில் பார்த்தால் அந்த வரியின் நான்காவது கட்டத்தில் தங்கையின் நீண்ட காய்ச்சல் இருந்தது. அவருக்கும் ஆசை இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தேதிகளை நம்பிவிடாதீர்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் குடும்பம் நம்புவது இன்னொன்றுமாக இருப்பது புதிதல்ல. எது ஆவணத்திலிருந்து வந்தது, எது வாய்மொழி என்று இரண்டு நிற மைகளில் எழுதுங்கள்.

சாதனைகளை எழுதும்போது "முதல்", "ஒரே", "மிகப் பெரிய" என்ற மூன்றில் எது வந்தாலும் நின்று சரிபாருங்கள். உறவினர் வாயில் ஒவ்வோர் ஆண்டும் சாதனை ஒரு விரற்கடை வளரும். நல்ல மனிதரைப் பற்றிய நூலில் ஒரு மிகை கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு ஆளாகும். அவருடைய துறையைச் சேர்ந்த ஒருவரிடம், "அவர் இல்லாதிருந்தால் அந்த வேலை எப்படி முடிந்திருக்கும்?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: "பாலம் நின்றிருக்கும். ஆனால் ஒன்றிரண்டு தொழிலாளர்கள் இருந்திருக்க மாட்டார்கள். பாதுகாப்புக் கயிறு இல்லாமல் யாரையும் மேலே ஏற விடமாட்டார். அதற்காக மூன்று நாள் வேலையை நிறுத்தியும் இருக்கிறார்." பரிசுக் கேடயங்களில் இதைப் பொறிக்கவில்லை.

படி 4: படங்களும் குரலும்

இதை நீட்ட விரும்பவில்லை. ஒட்டும் தாள் வைத்த பழைய ஆல்பங்களிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். வராத படத்தை ஆல்பத்தோடு வைத்தே படமெடுத்துக்கொள்ளுங்கள். மூல அளவிலேயே அச்சிட 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் போதும். சிறிய படத்தைப் பெரிதாக்குவதாக இருந்தால் 600 தேவை. மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்து, அனுப்புவதற்கு மட்டும் சிறிய ஜேபெக் (JPEG) கோப்பு எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பல நேரம் முன்பக்கத்தைவிட அதில்தான் செய்தி இருக்கும். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பந்துமுனைப் பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விழும்.

அவர் அனுப்பிய குரல் செய்திகள் யாருடைய கைப்பேசியிலாவது இருந்தால் இன்றே படியெடுத்து வையுங்கள். கைப்பேசியை மாற்றும்போது தொலைபவை அவைதான். "வந்து சேர்ந்தாயா? சரி, தூங்கு" என்று ஆறு நொடி மட்டும் நீளும் ஒரு பதிவுதான் அண்ணனிடம் இருக்கிறது.

படி 5: சம்பவங்களைத் தேர்ந்தெடுப்பது

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் மனத்தில் தோன்றும் பண்புச் சொற்களை எழுதுங்கள்: பொறுமைசாலி, நேர்மையானவர், கொடையாளி. ஒவ்வொன்றுக்கும் நேராக வலப்பக்கம், அதை நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். நிகழ்ச்சி கிடைக்காத சொல்லை அடித்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் தாளை மடிப்பில் கிழித்து இடப்பக்கத்தைக் குப்பையில் போடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, அப்படியே செய்யுங்கள்.

இந்த முறை நமக்குப் புதிதும் இல்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு எதிலிருந்து தொடங்குகிறது? கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்பதிலிருந்து. பிறகு, மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறார். அதியமான் பெரிய வீரன்தான். இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் நமக்கு அவனைப் பக்கத்தில் கொண்டுவருவது அந்தக் கை.

எழுதிய ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சோதனை வையுங்கள்: இதில் வேறொருவர் பெயரைப் போட்டால் பொருந்துமா? பொருந்தினால் விட்டுவிடுங்கள். "பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டார்" எல்லோருக்கும் பொருந்தும். எங்கள் நூலில் முதல் பக்கத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு கடிகாரக் கதை. பதினொரு வயதில் அப்பா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார், திரும்பப் பூட்டியபோது ஒரு சிறு திருகாணி மிஞ்சியது, கடிகாரம் ஓடியது, அவருக்கு அடி விழுந்தது. அந்தத் திருகாணியைக் கடைசிவரை மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்திருந்தார். பிற்காலத்துப் பொறியாளரின் விதை இதில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். எனக்கு அந்தப் பத்தியில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

படி 6: குறைகளும் இரகசியங்களும்

குறையே இல்லாத மனிதரை யாரும் நம்பமாட்டார்கள், அவருடைய பிள்ளைகள் உட்பட. வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் குறைகளைத் தாராளமாக எழுதலாம். அப்பா வழி தெரியாவிட்டாலும் யாரிடமும் கேட்கமாட்டார். பொருள் எதையும் தூக்கிப் போடமாட்டார். எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் அவருடைய புகழ்பெற்ற பொறுமை காணாமல் போகும். இன்னும் ஒருவரைப் புண்படுத்தக்கூடியவை, சொத்துச் சச்சரவு, நோயின் கடைசி நாட்களின் விவரம் ஆகியவற்றை நாங்கள் விட்டுவிட்டோம். அவற்றை எழுதவேண்டும் என்று தோன்றினால் தனியாக எழுதி உறையிலிட்டு வையுங்கள், அச்சுக்கு வேண்டாம்.

அவர் மறைத்துச் செய்த நன்மைகளை என்ன செய்வது என்பது இன்னும் கடினம். அப்பாவின் கணக்கு நோட்டில் எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு முறை, ஓர் எழுத்தும் "கட்டணம்" என்ற சொல்லும் இருந்தன. அம்மாவுக்கும் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்ததில், விபத்தில் இறந்துபோன உதவியாளர் ஒருவரின் மகளுடைய படிப்புச் செலவு என்று தெரிந்தது. நூலில் சேர்க்க எனக்குக் கை துடித்தது. அண்ணன்தான் தடுத்தான்: "அப்பா சொல்லாததை நீ சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கேள்." கேட்டோம். தன் பெயரும் ஊரும் வேலையும் வராமல் எழுதலாம் என்றார். வேண்டாம் என்றிருந்தால் இந்தப் பத்தியும் இருந்திருக்காது. உதவி பெற்றவருக்கும் மானம் உண்டு. நம் அப்பாவின் புகழுக்கு அது விலையாகக் கூடாது.

படி 7: எழுதுவது

பிறப்பில் தொடங்காதீர்கள். "இன்னாருக்கு மகனாக இந்த ஆண்டில் பிறந்தார்" என்ற வரி நான்காம் பக்கத்தில் வந்தாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அவர் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் இடத்தில் தொடங்குங்கள்.

இரங்கல் சுவரொட்டித் தமிழ் நம் கையில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்: "அன்னாரது இழப்பு ஈடு செய்ய இயலாதது", "மண்ணுலகை விட்டு மறைந்தாலும் மனங்களில் வாழ்கிறார்". எழுதி முடித்தபின் இப்படிப்பட்ட வரிகளைத் தேடி எடுத்துவிடுங்கள். அவர் வீட்டில் பேசிய சொற்கள் இரண்டு மூன்றை அப்படியே போட்டால் அவற்றைவிட அதிகம் சொல்லும்.

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து எழுதும்போது அழைக்கும் முறையில் குழப்பம் வரும். ஒரு பக்கத்தில் "அப்பா", அடுத்ததில் "தாத்தா", அதற்கடுத்ததில் முழுப்பெயர் என்று மாறினால் வாசகர் தொலைந்துபோவார். பகுதிக்கு ஒருவர் எழுதி, மேலே அவருடைய பெயரையும் உறவையும் போடுங்கள்.

மேடையில் பேசுவதற்கென்றால் உரக்கப் படித்துக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். மனத்துக்குள் படிக்கும் நேரத்தை நம்பாதீர்கள், மேடையில் அது கூடும். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். குரல் உடையும் இடம் எதுவென்று ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். இன்னொரு பிரதியை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் நின்றுபோனால் எழுந்து வந்து படிக்கச் சொல்லிவையுங்கள்.

படி 8: சரிபார்த்தல், அச்சு, பாதுகாப்பு

முதல் வாசகர் அம்மாவாக இருக்கட்டும். அவர் வேண்டாம் என்பதை விவாதமில்லாமல் எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அனுப்பும்போது "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் ஆளுக்கொரு நூல் கேட்பார்கள். "பெயர், தேதி, உறவுமுறையில் பிழை இருந்தால் மட்டும் பத்து நாளுக்குள் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். கடைசி முடிவு ஒருவர் கையில் இருக்கவேண்டும். யார் விடுபட்டுப் போனார்கள் என்று பார்க்கவும் ஒருவரை வையுங்கள். மருமகள், மருமகன் பெயர்கள் விடுபட்டால் அந்த வடு நூலைவிட நீண்ட நாள் இருக்கும்.

நடுவில் கம்பி அடித்துத் தைக்கும் நூலானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வரவேண்டும். எங்கள் செய்தி 58 பக்கத்தில் முடிந்தது. 60 பக்கமாகவே நிறுத்தியிருக்கலாம், ஆனால் கடைசியில் ஆறு வெற்றுப் பக்கங்கள் விட்டு 64 ஆக்கினோம். "உங்களுக்கு நினைவிருப்பதை இங்கே எழுதுங்கள்" என்று மேலே ஒரு வரி மட்டும் போட்டோம். ஒலிப்பதிவுகளையும் ஸ்கேன்களையும் மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறொரு வீட்டில் வைத்திருக்கிறோம்.

அந்த வெற்றுப் பக்கங்களைப் பெரும்பாலானவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். அத்தையின் பிரதியை ஒரு வருடம் கழித்துப் புரட்டிப் பார்த்தேன். 59ஆம் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி இருந்தது: "கடிகாரத்தைப் பிரித்தது நான். அடி வாங்கியது அவன். திருகாணியை என்னைக் கேலி செய்யத்தான் வைத்திருந்தான்."

நூலின் முதல் பக்கத்தை நாங்கள் மாற்றவில்லை. அத்தையின் இரண்டு வரியைப் படியெடுத்து எல்லோருடைய பிரதியிலும் 59ஆம் பக்கத்தில் ஒட்டினோம்.